துபாய் லைசென்ஸுக்கு முன்னால்

அன்புள்ள செல்வராஜ்,

நலம்தானே? நாகர்கோவிலில் மழை விட்டபாடில்லை. மார்த்தாண்டம் சந்தையில் ஏத்தன் குலை என்ன விலைக்குப் போகிறது?

உன் ஏத்தங்காய் சிப்ஸ் துபாய்க்குப் போகப்போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம் மக்கா. ஆனால் ஃப்ரீ ஸோன் (தனி விதிகள் உள்ள வணிக மண்டலம்) லைசென்ஸ் மலிவு என்று ஏஜெண்ட் சொன்னதற்காக அதை எடுத்துவிடாதே. சரக்கை இறக்கி வேறு நாட்டுக்கு அனுப்ப அது நல்லது. துபாய் கராமாவில் ஒரு கடைக்காரர் நாற்பது பெட்டி கேட்டால், பொதுவாக மெயின்லேண்ட் (ஃப்ரீ ஸோனுக்கு வெளியே உள்ள உள்நாட்டுச் சந்தை) லைசென்ஸ் உள்ள ஒருவர் இறக்குமதியாளராக நின்று, 5 சதவீதம் சுங்கமும் 5 சதவீதம் வாட் வரியும் கட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். அவருக்கு ஒரு பங்கு போய்விடும். 2021 ஜூனிலிருந்து பெரும்பாலான தொழில்களுக்கு மெயின்லேண்டிலேயே நூறு சதவீதமும் நம் பெயரில் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி) வைக்கலாம். கடைகளுக்கு விற்பதென்றால் உனக்கு அதுதான் சரி. இங்குள்ள தொழிலின் கிளையாகத் திறக்க வேண்டாம், அங்கே வரும் கடன் நேராக இங்கே வந்து விழும்.

அதற்கு முன் இங்கே ஒரு வேலை இருக்கிறது. இப்போது நீ தனி உரிமையாளர். அப்படியே முதலீடு போட்டால் தனிநபர் கணக்குதான்; நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு. பதிவு செய்த கூட்டு நிறுவனமாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ மாற்றினால் அதன் நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 400 சதவீதம் வரை போடலாம். எதுவானாலும் வங்கியில் எஃப்.சி. என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுத்து, அந்த முதலீட்டுக்கான யு.ஐ.என். அடையாள எண் வந்த பிறகே பங்குப் பணம் போக வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: ஏஜெண்ட் அவசரப்படுத்த, கிரெடிட் கார்டில் தேய்த்துவிடுவார்கள், இல்லையென்றால் சார்ஜா மச்சான் கட்டிவிடுவார். பிறகு அந்த முதலீட்டுக்கு இங்கே வங்கியில் பதிவே இருக்காது; அதைச் சரிசெய்ய அலைச்சலும் தாமதக் கட்டணமும். பங்குச் சான்றிதழை ஆறு மாதத்துக்குள் வங்கியில் கொடு. துபாய் கம்பெனியின் ஆண்டறிக்கையை வங்கியில் கொடுக்கக் கடைசி நாள் டிசம்பர் 31.

அங்கே லாபம் 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 9 சதவீதம் வரி.

என்னைக் கேட்டால் முதல் வருஷம் கம்பெனியே வேண்டாம், விநியோகஸ்தர் போதும். ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டும் இருக்கட்டும். அவர் மட்டுமே விற்கலாம் என்ற உரிமை கொடுக்காதே. அவர் அமீரகக் குடிமகன் என்றால், இதை வைத்துத் தன்னை உன் வணிக முகவராக அங்குள்ள அரசிடம் பதிவு செய்யக் கூடாது என்றும் எழுதி வாங்கு. பதிவாகிவிட்டால் நீயே அனுப்பும் சரக்கையும் அவரால் தடுக்க முடியும்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒப்பந்த நகலை அனுப்பு, வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஜெபராஜ்