மிஞ்சியதும் ஒதுக்கியதும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கூட்டுத் தோட்டத்தில் இந்தப் பருவம் உறுப்பினர்கள் சமைத்துத் தீர்க்க முடியாத அளவுக்குக் காய்ப்பு இருப்பதையும், மிஞ்சியதை வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருப்பதையும் படித்து மகிழ்ந்தேன். கொடுத்த காய்களில் ஒரு பகுதி எடுப்பாரின்றித் திரும்பி வருகிறது என்றும், அதனால் குழுவில் சிலர் முகம் சுளிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். எங்கள் தோட்டத்திலும் இதே வேலை சில பருவங்களாக நடந்து வருவதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்குபவருக்குச் சொன்ன அந்த அறிவுரை, கொடுப்பவருக்குத்தான் மிகவும் வசதியாகப் போய்விட்டது. பல்லைப் பார்க்க வேண்டியவர்கள் நாம். விதை முற்றிய வெள்ளரியும், நார் ஏறிய பீன்ஸும், நேற்று மாலை பறித்து இன்று தலை தொங்கிய கீரையும் நம் வீட்டு அடுக்களைக்கே ஆகாதபோது, இன்னொருவர் வீட்டுக்கு மட்டும் எப்படி ஆகும்? திரும்பி வருகிற கூடையை நன்றியின்மையின் அடையாளமாகப் பார்க்காமல், அதில் எஞ்சியிருப்பது என்ன, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்குமாறு உங்கள் குழுவினரிடம் சொல்லுங்கள்.

சிக்கலின் வேர் கூடையில் இல்லை, விதைப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம். எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே பயிரை விதைக்கிறோம். ஆகவே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய் குவிகிறது. சில வாரங்கள் கழித்து ஒன்றுமே இல்லாமல் போகிறது. வாங்குகிற குடும்பமோ ஒவ்வொரு நாளும் சாப்பிட வேண்டியிருக்கிறது. மிஞ்சினால் கொடுப்போம் என்று தொடங்கும் தோட்டம், பிறர் பசியைத் தன் காய்ப்பின் கணக்குக்கு ஏற்றபடி நடத்தப் பார்க்கிறது. அதற்குப் பதிலாக, விதைக்கும்போதே ஒரு வரிசையைப் பிறருக்கென்று ஒதுக்கி, அந்த வரிசையில் பீன்ஸ், கேரட், கீரை போன்றவற்றை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை சிறிது சிறிதாக விதைத்து வந்தால், ஒரு பெரிய குவியலுக்குப் பதிலாகப் பருவம் முழுவதும் அளவான கூடைகள் கிடைக்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் செய்தித்தாளில் தோட்டப் பத்தி எழுதிவந்த ஜெஃப் லோவன்ஃபெல்ஸ், பசித்தவர்களுக்காக ஒரு வரிசை கூடுதலாக நடுங்கள் என்று தம் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். 1995-இல் அந்த வேண்டுகோளைத் தோட்ட எழுத்தாளர்களின் சங்கம் கையில் எடுத்து, அமெரிக்கா முழுவதற்கும் பரப்பியது. அவர் மிச்சத்தைக் கேட்கவில்லை, ஒரு வரிசையைக் கேட்டார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வரிசை என்றால் அதற்கும் நீர் பாய்ச்ச வேண்டும், களை எடுக்க வேண்டும், நேரத்துக்குப் பறிக்க வேண்டும். பறிப்பதில் தோட்டக்காரருக்கும் ஆதாயம் உண்டு: பீன்ஸையும் வெள்ளரியையும் பிஞ்சுப் பதத்தில் விடாமல் பறித்துக்கொண்டிருந்தால் கொடி தொடர்ந்து காய்க்கும், விதை முற்ற விட்டுவிட்டால் தன் வேலை முடிந்தது என்று அது ஓய்ந்துவிடும். ஆகவே பிறருக்காகப் பறிக்கிறவரின் கொடி, பறிக்காமல் விட்டவரின் கொடியைவிட அதிகமாகவே காய்க்கிறது.

பறித்த பிறகு நடப்பதில்தான் நம்மில் பலர் கவனம் குறைகிறோம். செடியிலிருந்து பிரிந்த காயும் மூச்சு விடுகிறது. வெப்பம் கூடக் கூட அது வேகமாக மூச்சு விட்டு, சேர்த்து வைத்த சர்க்கரையையும் நீரையும் இழக்கிறது. எனவே வெயில் ஏறும் முன், காய் தன் வெப்பத்தை இரவில் இழந்து குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் பறிப்பதே நல்லது. உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, கீரையை ஈரத் துணியால் மூடி, அன்றே கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் நாளை முதலில் முடிவு செய்துவிட்டு, பறிக்கும் நாளை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழுக்கள் தலைகீழாகச் செய்கின்றன. எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் திணிப்பதும் தவறு. கீரை உறைநிலைக்குச் சற்று மேலான குளிரை விரும்பும். தக்காளியும் வெள்ளரியும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நாட்கள் இருந்தாலே கெடத் தொடங்கும். பழுக்கும் தக்காளி எத்திலீன் வாயுவை வெளிவிடுவதால், அதே பெட்டியில் வைத்த கீரையும் வெள்ளரியும் விரைவில் மஞ்சளாகிவிடும். ஒரே கூடையில் எல்லாம் அழகாக அடுக்கிக் கொடுக்க ஆசைப்படும் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்டபாடு தனிக்கதை.

எதைக் கொடுப்பது என்பதை வாங்குபவர்களிடமே கேளுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்குக் கீரைக்கட்டைவிடப் பூசணியும் வெங்காயமும் சர்க்கரைவள்ளியும் உதவும். இரண்டு வேலை பார்த்துக் களைத்து வரும் தாய்க்கு, நறுக்கவும் வேகவைக்கவும் நெடுநேரம் பிடிக்கும் காயைவிடப் பச்சையாகவே தின்னக்கூடிய தக்காளியும் வெள்ளரியும் மேல். பழமும் காயுமாக ஒருவர் நாளொன்றுக்கு குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது நாளுக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோவுக்கும் மேல். நம் வாரக் கூடையை இந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் ஒரு குடும்பத்தையே தாங்குகிறோம் என்ற பெருமிதம் தானாக அடங்கிவிடும். ஆனாலும் கையில் பணம் குறையும்போது வயிற்றை நிரப்பும் தானியத்தை வாங்கிக்கொண்டு காயையும் பழத்தையும்தான் மக்கள் முதலில் விட்டுவிடுகிறார்கள் என்பதால், நம்முடைய சிறு கூடை சரியான இடத்தில்தான் போய்ச் சேருகிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து தெளித்திருந்தால், அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் முடியாமல் பறிக்காதீர்கள். மட்காத பச்சைச் சாணத்தை இட்டால், மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு அறுவடை வரை 120 நாட்களும், மற்றவற்றுக்கு 90 நாட்களும் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. எந்தத் தோட்டமும் அதைப் பின்பற்றலாம். பச்சை படிந்த உருளைக்கிழங்கையும், வழக்கத்துக்கு மாறாகக் கசக்கும் பூசணி, சுரை வகைகளையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பெயர்ப் பட்டியல் வைத்துக் கையொப்பம் வாங்கிக் கொடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். இங்கிலாந்தின் டாட்மார்டன் ஊரில் 2008-இல் தொடங்கிய முயற்சியில், பொது இடங்களில் காய்கறிகளை நட்டு, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். யார் ஏழை என்று அங்கே யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவிலும் தோட்ட வாசலில் ஒரு மேசை போட்டு, உறுப்பினர்களும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்தோம். தயங்கி நின்றவர்கள் அதற்குப் பிறகு இயல்பாக வரத் தொடங்கினார்கள். வசதியுள்ள ஒருவர் இரண்டு தக்காளி எடுத்துப் போனால் போகட்டும். கூடை வாங்குபவரைப் படம் பிடிக்கும் வழக்கத்தை மட்டும் எந்தச் சமாதானத்தாலும் அனுமதிக்காதீர்கள்.

நேரில் வர முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மேசை உதவாது. அவர்களுக்கு அருகிலுள்ள உணவு வங்கி (தானமாக வரும் உணவைத் திரட்டி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு) வழியாகவோ, அக்கம்பக்கத்தார் கையிலோ கொடுத்தனுப்பலாம். உணவு வங்கிக்குக் கொடுப்பதானால், புதிய காய்களை எந்த நாளில் ஏற்பார்கள் என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் நாம் பறிக்கும்போது அவர்கள் கதவு மூடியிருப்பது எங்களுக்கு அடிக்கடி நேர்ந்திருக்கிறது.

வாங்க வருபவர்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு அடுத்த பருவத்தில் ஒரு பாத்தியையே ஒதுக்கிக் கொடுக்க முடியுமா என்று உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள். எங்களிடம் அப்படி வந்த இரண்டு குடும்பங்கள் இப்போது மேசைக்குக் காய் கொண்டுவந்து வைக்கின்றன. கூட்டத்தில் என்ன முடிவாயிற்று என்று எழுதுங்கள். பீன்ஸ் விதை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். எத்தனை வரிசைக்கு வேண்டும் என்று சொன்னால் அடுத்த கடிதத்தோடு அனுப்பிவைக்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்