சேற்றில் இறங்கப்போகும் நம் பிள்ளைகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்கின் சுங்கை அச்சே கடலோரத்துக்குப் பாக்காவ் மரம் (கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) நட அழைத்துச் செல்கிறோம். சம்மதப் பாரம் இத்துடன் உள்ளது. பிள்ளைகளைச் சேற்றில் இறக்கத்தான் வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

பினாங்கு கடலோர மீனவர் நலச் சங்கத்தினர் 1990-களிலிருந்து இந்த மரங்களை நட்டு வருகிறார்கள். இறால் குளம் வெட்டக் காடு அழிந்தது. வலையில் விழும் மீனும் நண்டும் குறைந்தன. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வது பாக்காவ் வேர்களுக்கிடையில்தான். வேர் போனபின் மீன் எங்கிருந்து வரும்? இது அவர்களுடைய வயிற்றுப்பாடு. அப்புறம், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பினாங்கில் மட்டும் 52 பேர் இறந்தார்கள். அலையின் வேகத்தைத் தணிக்கும் கரையோரக் காட்டின் அருமையைப் பலரும் உணர்ந்தது அதற்குப் பிறகுதான்.

பாக்காவ் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். கூரான முனை கீழே இருக்கும்படி மூன்றில் ஒரு பங்கைச் சேற்றில் செருக வேண்டும். ஆனால் நட்டதோடு வேலை முடியாது. அலை பிடுங்கிப் போகும், நண்டு கடிக்கும், சிப்பிகள் தண்டில் அப்பிக்கொண்டு கன்றைச் சாய்த்துவிடும். அதனால் பள்ளித் தவணைக்கு ஒருமுறை திரும்பிப் போய், எத்தனை கன்று நிற்கிறது என்று பிள்ளைகளே எண்ணுவார்கள். எனக்கு நடும் நாளைவிட எண்ணும் நாள்தான் முக்கியம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சேறு கண்ட இடமெல்லாம் மரம் நடக் கூடாது. பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலமூடா வரையுள்ள சேற்றுவெளிக்கு ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் இரை தேடி வருகின்றன. அவற்றில் ஒன்று நோர்ட்மன் பச்சைக்காலி. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. உலகம் முழுவதிலும் 2,000-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அந்த வெளியை மரத்தால் மூடினால் அதற்கு இரை கிடைக்காது. நாம் நடப்போவது, முன்பு காடு இருந்து அழிந்த இடத்தில் மட்டுமே.

சரி, பயண விவரம். நீர் வற்றும் நேரத்தில்தான் நட முடியும் என்பதால் அடுத்த சனிக்கிழமை காலை 7 மணிக்கே பேருந்து கிளம்பும். சிலிப்பர் வேண்டாம், சேறு உருவிக்கொள்ளும். பழைய தடித்த காலுறை போதும். மாற்றுடை, துண்டு, தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். காலில் புண் இருந்தாலோ ஆஸ்துமா இருந்தாலோ பாரத்தில் மறக்காமல் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகள் கரையிலிருந்தே கன்றுகளைக் கணக்கெடுக்கலாம். பேருந்துச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. உடன் வர விரும்பும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

பாரம் புதன்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்