கல்லறை திறந்தபின் நடப்பதும் செய்திதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எகிப்தில் பழங்காலக் கல்லறை ஒன்று கண்டெடுக்கப்பட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் தங்கள் நாளிதழ் அதற்குப் படத்துடன் நல்ல இடம் ஒதுக்குவதைப் பல ஆண்டுகளாக மகிழ்ச்சியோடு கவனித்து வருகிறேன். பள்ளியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, அச்செய்திகளைப் படிக்கும்போது ஒரு குறை தொடர்ந்து தோன்றுகிறது. கல்லறை திறக்கப்பட்ட நாளோடு செய்தி நின்றுவிடுகிறது. அதன்பின் அந்தச் சுவர்களுக்கும் அங்கிருந்த பொருள்களுக்கும் என்ன நேர்ந்தது, அவற்றைக் காக்க யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி நம் வாசகர்களுக்கு அனேகமாக ஒன்றுமே சொல்லப்படுவதில்லை. அகழாய்வில் பெரும்பகுதி உழைப்பு அந்தப் பிற்பகுதியில்தான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளைக் குடைந்து பண்டைய எகிப்திய அரசர்களின் கல்லறைகள் அமைக்கப்பட்டன. வாயில் அடைபட்டு மணலும் கல்லும் மூடிக் கிடந்த காலமெல்லாம் உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் பெரிதாக மாறுவதில்லை. ஓவியங்களும் மரப்பொருள்களும் துணிகளும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கு அந்த மாறாத நிலையே முதற்காரணம். வாயில் திறந்தவுடன் அது குலைந்துபோகிறது. வெளிக்காற்றும் தூசியும் புகுகின்றன. உள்ளே செல்லும் ஒவ்வொருவரின் மூச்சும் வியர்வையும் அறையின் ஈரத்தைக் கூட்டுகின்றன. நம் வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துக் காரை பொரிந்து உதிர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே நடப்பதும் அதுவே. பாறையிலும் காரையிலும் ஏற்கெனவே இருக்கும் உப்பு ஈரத்தில் கரைந்து மேற்பரப்பை நோக்கி நகர்கிறது. ஈரம் உலரும்போது மீண்டும் படிகமாகி, தனக்கு மேலுள்ள காரையையும் வண்ணத்தையும் தள்ளிப் பெயர்த்துவிடுகிறது. வீட்டுச் சுவரென்றால் சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம்.

திறந்ததனாலேயே கெட்ட கல்லறைக்கு எகிப்திய அரசன் முதலாம் சேத்தியின் கல்லறையைவிட வருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. இத்தாலியரான ஜோவான்னி பெல்சோனி 1817 அக்டோபரில் அதற்குள் நுழைந்தபோது, சுவர்ப் புடைப்புச் சிற்பங்களின் வண்ணங்கள் நேற்றுத் தீட்டியவைபோல் இருந்தன. அவற்றின் அச்சுகளை எடுப்பதற்காகச் சுவரின் மீது மெழுகை அழுத்தினார்கள். பின்னால் வந்தவர்கள் ஈரக் காகிதத்தை அழுத்தினார்கள். அச்சு பெயர்ந்து வந்தபோது வண்ணமும் உடன் வந்தது. உள்ளே செல்லும் வழியின் குறுக்கே பழங்காலக் கல்தச்சர்கள் வெட்டி வைத்திருந்த ஆழமான குழி, மழைவெள்ளம் உள்ளறைகளுக்குப் போகாமல் தடுக்கும் அரணாகவும் இருந்தது. அது தூர்க்கப்பட்டபின் வெள்ளம் தடையின்றி உட்புகுந்தது. அக்குன்றுகளில் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே களிப்பாறை அடுக்கு ஒன்று உண்டு. நீர் பட்டால் அது உப்பி விரிந்து, மேலிருக்கும் பாறையையும் தூண்களையும் விரிசல் விடச் செய்யும். இவை போதாவென்று, சித்திர எழுத்துகளைப் படித்தறிந்து பழைய எகிப்துக்கு மீண்டும் குரல் கொடுத்த சாம்போலியனே, 1829ஆம் ஆண்டு வாக்கில் தம் இத்தாலியத் தோழர் ரொசெல்லினியோடு அக்கல்லறையின் சுவர்ப்பகுதிகளை அறுத்தெடுத்தார். அவற்றுள் ஒன்று இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலும் மற்றொன்று புளோரன்சு நகரிலும் உள்ளன. அரசனின் வெண்ணிற ஈமப்பேழை லண்டனில் உள்ளது. கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் இவர்களில் ஒருவருக்கும் இல்லை என்றே நம்புகிறேன். அந்த ஓவியங்களை மிகவும் விரும்பியவர்களின் கைகளாலேயே அவை அழிந்தன என்பதுதான் இதில் பொறுக்க முடியாதது.

பொறுமையாகத் தோண்டுவதற்கும் அவசரமாகத் தோண்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை, ஒன்றுக்கொன்று அருகிலேயே அமைந்த இரண்டு கல்லறைகள் காட்டுகின்றன. அக்குன்றுகளிடையே உள்ள அரசர்களின் பள்ளத்தாக்கில் 55 என்று எண்ணிடப்பட்ட கல்லறையை 1907 ஜனவரியில் அமெரிக்கச் செல்வரான தியோடர் டேவிசின் குழு திறந்தது. உள்ளே பொன் தகடு போர்த்த மரப்பலகைகள் சிதைந்து கிடந்தன. காற்று பட்டதும் பொன் ஏடு ஏடாக உதிர்ந்தது. எது எங்கே கிடந்தது என்பது முறையாகப் பதிவாகவில்லை. அங்கே கிடந்த உடல் யாருடையது என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். முதல் சில வாரங்களில் தொலைந்த விடை அது.

1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறையில் கதை வேறு. நான்கே சிறு அறைகளில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை எடுத்து முடிக்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு பொருளும் இருந்த இடத்திலேயே எண்ணிடப்பட்டது. ஹாரி பர்ட்டன் படமெடுத்தார். வேதியியலாளரான ஆல்ஃபிரட் லூக்கசும் ஆர்தர் மேசும் அதே பள்ளத்தாக்கிலிருந்த இரண்டாம் சேத்தியின் கல்லறையையே ஆய்வுக்கூடமாக்கி, தொட்டால் தூளாகும் மணி வேலைப்பாடுகளையும் மரத்தையும் மெழுகிட்டு உறுதிப்படுத்தினார்கள். என் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொன்ன பெயர் லூக்கசுடையது. தங்க முகமூடியை உலகமே அறியும். அம்முகமூடியோடு வந்த ஆயிரக்கணக்கான எளிய பொருள்கள் இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணமான வேதியியலாளரை எத்தனை பேர் அறிவார்கள்? கார்ட்டர் தம் நூலில் நன்றி கூறிய எகிப்திய மேற்பார்வையாளர் அகமது கெரிகரையும், அவரோடு வெயிலில் கூடை சுமந்த தொழிலாளர்களையும் இந்த வரிசையில் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வளவு கவனமான பணியிலும் தவறு நேரவே செய்தது. பேழைக்குள் ஊற்றப்பட்டிருந்த பிசின் இறுகி உடலைப் பிடித்துக்கொண்டிருந்ததால், 1925இல் அந்த இளம் அரசனின் உடலைத் துண்டு துண்டாகப் பிரித்தே வெளியே எடுத்தார்கள். இதையும் மறைக்காமல் சொன்னால்தான் இன்றைய முறைகள் ஏன் இவ்வளவு தயக்கம் மிக்கவை என்பது விளங்கும்.

அந்தத் தயக்கத்தின் மேன்மையை அரசியரின் பள்ளத்தாக்கில் உள்ள நெஃபர்தாரியின் கல்லறையில் காணலாம். இரண்டாம் ராமேசசின் பட்டத்தரசியான அவருடைய கல்லறையை 1904இல் எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி கண்டெடுத்தார். அங்கே பாறை தரமற்றது என்பதால் பழங்காலக் கலைஞர்கள் கனமாகக் காரை பூசி அதன்மேல் தீட்டியிருந்தார்கள். அந்தக் காரைக்கும் பாறைக்கும் இடையில்தான் உப்பு வளர்ந்து ஓவியத்தைப் பாளம் பாளமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. எகிப்தியத் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனமும் இணைந்து 1986 முதல் 1992 வரை அங்கே பணியாற்றின. இத்தாலியப் பாதுகாப்பு வல்லுநர்களான பாவ்லோ மோராவும் லாரா மோராவும் தலைமையேற்றார்கள். முதலில் செய்தது, விழப்போகும் இடங்களில் முசுக்கொட்டை மரப்பட்டையால் ஆன ஜப்பானியத் தாளின் சிறு துண்டுகளை ஒட்டிப் பிடித்து நிறுத்தியதுதான். பிறகு உப்பை நீக்கி, பெயர்ந்த காரையைப் பழைய இடத்திலேயே பொருத்தி, தூசியையும் கறையையும் துடைத்தார்கள். ஓவியம் உதிர்ந்துபோன இடங்களில் அவர்கள் புதிதாக ஒரு கோடுகூட வரையவில்லை. நெஃபர்தாரியின் முகம் இன்று ஒளிர்கிறதென்றால் அது முழுவதும் அந்தக் காலத்து வண்ணம். இழந்ததை இழந்ததாகவே விட்டுவைக்கும் நேர்மை, எந்தத் திறமைக்கும் குறைந்ததில்லை என்று நான் கருதுகிறேன்.

பணி முடிந்த பிறகும் கதவை உடனே திறந்துவிடவில்லை. அறையின் ஈரமும் வெப்பமும் எப்படி மாறுகின்றன என்று அளந்து பார்த்தார்கள். 1995 நவம்பரில் நாளொன்றுக்கு 150 பேர் என்ற கட்டுப்பாட்டோடு திறந்து, பின்னர் மீண்டும் மூடினார்கள். இப்படி மூடுவதைக் கேட்டு நம்மில் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அச்சலிப்பு மாற வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கங்களில் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் ஒரு சுற்றுலாக் குழுவோடு லக்சர் சென்றிருந்தோம். ஒரு கல்லறையின் குறுகிய வழியில், புகைப்படத்துக்கு நிற்பதற்காக எங்கள் குழுவில் ஒருவர் ஓவியச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கையையும் ஊன்றினார். வழிகாட்டி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் முதலில் தயங்கினேன். பிறகு அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் உடனே விலகிக்கொண்டார். ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவர் அப்படிச் செய்திருக்கவே மாட்டார் என்று அவர் முகம் காட்டியது. பயணம் புறப்படும் முன் எங்களுக்கு உணவு, உடை, பணமாற்று என எல்லாவற்றுக்கும் அறிவுரை தந்தார்கள். சுவரைத் தொடக்கூடாது என்ற ஒரு வரியை யாரும் தரவில்லை.

துட்டன்காமன் கல்லறையின் சுவர்களில் உள்ள பழுப்புப் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்வையாளர்களின் ஈரத்தால் அவை பெருகி வருகின்றன என்ற அச்சம் நெடுங்காலம் இருந்தது. கெட்டி நிறுவனமும் எகிப்திய அரசும் 2009இல் தொடங்கிய ஆய்வில், அப்புள்ளிகளைப் பர்ட்டன் எடுத்த 1920களின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புதிய வளர்ச்சி எதுவும் இல்லை. அவை எப்போதோ உயிரற்றுப்போன நுண்ணுயிர்களின் கறை என்று தெரிந்தது. வண்ணத்துக்குள்ளேயே ஊறிவிட்டதால் நீக்க முயன்றால் ஓவியமும் போய்விடும் என்று அவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். நூறாண்டு பழைய ஒளிப்படம் ஒன்றே ஒரு பெரிய ஐயத்தைத் தீர்த்து வைத்தது. காற்றோட்டமும் தூசியும்தான் உடனடியாகக் கவனிக்க வேண்டியவை என்று கண்டு, புதிய காற்றோட்ட அமைப்பும் நடைமேடையும் நிறுவிப் பத்தாண்டுப் பணியை 2019இல் நிறைவு செய்தார்கள்.

அதே கல்லறையின் நகல் ஒன்று, கார்ட்டர் வாழ்ந்த வீட்டின் அருகே 2014இல் திறக்கப்பட்டது. சுவர்களை மிக நுட்பமாக அளந்து பதிவுசெய்து ஃபேக்டம் ஆர்ட்டே என்ற நிறுவனம் அதை உருவாக்கியது. "போலியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று எங்கள் குழுவில் பலர் அங்கே வர மறுத்தார்கள். நானும் மனைவியும் சென்றோம். எங்களைத் தவிர அங்கே ஓரிருவரே இருந்தார்கள். அசலில் நின்று பார்க்க முடியாத நெருக்கத்தில் அங்கே அவசரமின்றிப் பார்த்தோம். பொன் பேழைகளை வெளியே கொண்டுவருவதற்காகக் கார்ட்டர் உடைத்தெடுத்த தெற்குச் சுவரின் ஓவியப்பகுதி அசலில் இன்று இல்லை. பழைய ஒளிப்படத்திலிருந்து மீட்டுருவாக்கிய அதன் வடிவம் இங்கேதான் இருக்கிறது. நகலைப் போலி என்று தள்ளுபவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இந்தச் சுவர்களோடு தமிழர்களுக்கும் உறவு உண்டு. அரசர்களின் பள்ளத்தாக்குக் கல்லறைகளில் பழங்காலப் பயணிகள் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் கீறிய எழுத்துகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை முன்பே பதிவாகியிருந்தன. அவற்றின் நடுவே தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் அமைந்த பெயர்களும் இருப்பதை ஐரோப்பிய ஆய்வாளர் இருவர் அண்மையில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சிகை கொற்றன் என்ற பெயர் அங்கே ஒரு முறைக்கு மேல் காணப்படுகிறது. அச்செய்தியைப் படித்த அன்று எனக்கு இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. ஆனால் கொற்றனின் பெயர் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அந்தச் சுவரின் மேற்பரப்பு அவ்விடத்தில் உதிராமலும் யாராலும் தேய்த்துத் துடைக்கப்படாமலும் இருந்ததுதான். எங்கெங்கே உப்பு காரையைத் தள்ளியதோ, எங்கெங்கே கைகள் உரசினவோ, அங்கெல்லாம் இன்னும் எத்தனை பெயர்கள் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. கொற்றன் எழுதினானே, நான் எழுதினால் என்ன என்று இன்று ஒருவர் கேட்டால், அவர் கீறப்போகும் இடத்தில் இன்னும் படிக்கப்படாத ஒரு பெயர் இருக்கக்கூடும் என்பதே என் பதில்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. கண்டுபிடிப்புச் செய்தி வெளியாகும்போது, அந்த இடத்தைக் காக்க என்ன ஏற்பாடு என்பதையும் கேட்டறிந்து ஒரு பத்தி சேர்த்து வெளியிடுங்கள். ஒரு கல்லறை மூடப்பட்டால் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். பயணக் கட்டுரைகளை வெளியிடும் பக்கத்தில், சுவரைத் தொடாதிருக்கவும் நகலைக் காணவும் ஒரு குறிப்பு இடம்பெறட்டும்.

2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட அரசன் இரண்டாம் தூத்மோசின் கல்லறை, அடக்கம் நடந்த சில காலத்திலேயே வெள்ளத்துக்கு இரையாகியிருந்தது. உள்ளிருந்த பொருள்களை அக்காலத்திலேயே வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளம் விட்டுச்சென்ற மண்ணிலும் கல்லிலும், கூரையிலிருந்து விழுந்த காரைத் துண்டுகள் கிடைத்தன. நீல வானத்தில் மஞ்சள் விண்மீன்கள் தீட்டியவை அவை. கண்டுபிடிப்பு நாளன்று அத்துண்டுகளின் படங்களைப் பார்த்தோம். ஐந்து ஆண்டுகள் கழித்து அவை எங்கே இருக்கின்றன, எவ்வளவு பொருத்தப்பட்டுள்ளன, வண்ணம் நிலைத்திருக்கிறதா என்றொரு செய்தியைத் தங்கள் நாளிதழில் படிக்கக் காத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கும்பகோணம்.