பாதி மாத்திரைக் காலத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு

பெயர் தெரியாத அந்த இரவுப்பணி டாக்டரிடமிருந்தே தொடங்குகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நள்ளிரவில், மாரடைப்பேதான் என்ற முடிவோடு உங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து விழுந்தேன். நெஞ்சில் இறுக்கம், இரண்டு கையும் மரத்துப்போய், உதட்டைச் சுற்றி ஊசி குத்துகிற மாதிரி, சட்டை முழுக்க வியர்வை. ஈசிஜி எடுத்தீர்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினைப் பார்த்தீர்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தீர்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்கு முன் இரண்டு முறை வேறு இடங்களுக்கு இதே கோலத்தில் போயிருக்கிறேன். "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கா உயிர் போகிற மாதிரி இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே திரும்பியிருக்கிறேன்.

நீங்கள் மட்டும்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "இதயத்துல ஒண்ணும் இல்லை. ஆனா உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்லலை" என்றீர்கள். அதன் பெயர் பேனிக் அட்டாக் என்றீர்கள். வேகவேகமாக மூச்சு விட்டால் உடம்பிலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறிவிடும், விரலும் உதடும் மரத்துப்போவது அதனால்தான் என்று விளக்கினீர்கள். ஈசிஜி தாளின் பின்பக்கத்தில் ஒரு மலை வரைந்து, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறும், அப்புறம் இறங்கியே தீரும் என்று பேனாவால் மேலும் கீழும் போய்க் காட்டினீர்கள். தைராய்டு கூடினாலும் இப்படிப் படபடக்கும், அதையும் ஒரு முறை பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அந்த மலை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஈசிஜி கோடுகள் மங்கிவிட்டன, உங்கள் பேனாக் கோடு மங்கவில்லை.

போகச் சொன்னதும் போய்விட்டேனா என்றால் இல்லை. தைராய்டு பரிசோதனைக்கு மறுநாளே போனவன், மனநல மருத்துவரிடம் போக இரண்டு மாதம் இழுத்தேன். அதற்குள் லிஃப்ட் போனது, வண்டி ஓட்டுவது போனது, எந்த அறைக்குப் போனாலும் கதவோரமாக உட்காரும் பழக்கம் வந்தது. அக்கா, நீ எனக்குப் புத்தி சொல்லவே இல்லை. "சனிக்கிழமை பத்தரை மணிக்கு. நான் வெளியே உட்காந்திருக்கேன், நீ உள்ளே போ" என்று ஒரே வரி. வாக்குவாதத்துக்கு இடம் கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் இழுத்திருப்பேன், அது உனக்குத் தெரியும்.

டாக்டரம்மாவுக்கு. நீங்கள் மாத்திரையை எழுதுவதற்கு முன்னால் கேட்ட கேள்விகள் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தன. குடிப்பீர்களா, ஆஸ்துமா உண்டா, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்த நாட்கள் உண்டா, செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா. கடைசிக் கேள்வியை முதல் கேள்வியின் அதே குரலில் கேட்டீர்கள், அதனால் என்னாலும் உண்மையைச் சொல்ல முடிந்தது. பீதியை நாளடைவில் குறைக்கும் எஸ்சிடலோபிராம், 5 மி.கி.யில் தொடங்கி 10 மி.கி. அதோடு குளோனசெபாம், மிகக் குறைந்த அளவில், மூன்று வாரத்துக்கு மட்டும். இரண்டாவது சீக்கிரம் கேட்கும், ஆனால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அதை நம்பி உட்கார முடியாது. முதலாவது வேலை செய்ய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம், அதற்கு முன்னால் படபடப்பைக் கூட்டவும் செய்யலாம். "முதல் ரெண்டு வாரம் என்னைத் திட்டுவீங்க, திட்டிக்குங்க, ஆனா மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றீர்கள். அக்காவை உள்ளே கூப்பிட்டு, தொடக்கத்தில் என் மனநிலை தாறுமாறாக மாறினால் உடனே சொல்லச் சொன்னீர்கள். சின்ன வயதுக்காரர்களிடம் இதை இன்னும் கவனமாகப் பார்ப்போம், இவருக்கும் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை என்றீர்கள்.

திட்டினேன். மூன்றாம் நாளிலிருந்தே திட்டினேன்.

இப்போது மாமாவிடம் வருகிறேன், இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இவருக்காகத்தான். அந்த ஆறு வாரமும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மருந்துக் கடையில் 5 மி.கி. கையிருப்பில் இல்லை, 10-ஐப் பாதியாக உடைத்துப் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுத்தார்கள். நடுவில் கோடு போட்ட, விரல்நுனி அளவுகூட இல்லாத வெள்ளை மாத்திரை. மாமா அதைக் காய் நறுக்கும் கத்தியால் வெட்டினார். ஒரு பாதி கையில் நின்றது, இன்னொரு பாதி ஃப்ரிட்ஜுக்கு அடியில் பறந்தது. புது மாத்திரை எடுத்திருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற மனிதர் இல்லையா, கணக்கு உதைக்கக் கூடாது என்று டார்ச் எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டார். "தவழுற வயசா இது?" என்று அக்கா கேட்க, ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து "கிடைச்சுட்டான்!" என்று குரல் வந்தது. பல வாரத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். (அந்தப் பாதியை நான் போடவில்லை மாமா. மன்னிக்கவும். தூசி.)

அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. "வரவு: தூக்கம் 4 மணி நேரம், சாப்பாடு இரண்டு வேளை. செலவு: அட்டாக் 2, குமட்டல், விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு." இரண்டாவது வாரத்தின் செலவுப் பக்கம் வழிகிறது. வாய் உலர்ந்தது, காரணமில்லாமல் கொட்டாவி வந்தது, தாடை இறுகியது, உட்காரவும் முடியவில்லை படுக்கவும் முடியவில்லை. மாத்திரையைத் தூக்கி எறியப் போன அன்று மாமாதான் டாக்டரம்மாவுக்கு போன் செய்து, நோட்டிலிருந்து வரிவரியாகப் படித்தார். 10-க்கு ஏற்றுவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள், காலையில் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள். குமட்டல் குறைந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் "இது வேலை செய்யாது, எனக்கு ஒரு மாற்றமும் இல்லை" என்று மாமாவிடம் சண்டைக்குப் போனேன். பதில் சொல்லாமல் நோட்டைத் திருப்பிக் காட்டினார். நான்கு நாளாகச் செலவுப் பக்கத்தில் ஒரே வார்த்தை: "இல்லை." எனக்கே தெரியாமல் நான்கு நாள் அட்டாக் வராமல் இருந்திருக்கிறது.

இதைச் சொன்னபோது டாக்டரம்மா ஒரு பழைய கதை சொன்னார். 1960 வாக்கில் அமெரிக்காவில் டொனால்ட் க்ளைன் என்ற மருத்துவர், இப்படித் திடீர்ப் பீதியில் துடித்தவர்களுக்கு இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தாராம். வாரங்கள் போயும் நோயாளி, தனக்கு ஒரு பயனும் இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் சாகப்போகிறேன் என்று தினமும் செவிலியர் மேசைக்கு ஓடி வந்துகொண்டிருந்தவர் இப்போது ஓடி வருவதே இல்லை என்பது வார்டில் இருந்தவர்கள் கண்ணில் பட்டது. பீதி நோய் பொதுவான பதற்றத்திலிருந்து வேறானது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அதற்குத் தனிப் பெயரும் கிடைத்தது. கேட்டதும் எனக்கு அந்தச் செவிலியர்கள் எல்லாம் மாமா முகத்தோடுதான் தெரிந்தார்கள்.

மருந்துக் கடையில் சாயங்காலம் நிற்கும் அந்தப் பெண்ணுக்கும் நன்றி, கொஞ்சம் வெட்கத்தோடு. மூன்று வாரக் குளோனசெபாமை முடித்துவிட்டு, பழைய சீட்டோடு இன்னொரு பட்டை கேட்டு வந்தேன். "டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, இது சும்மா குடுக்கற மாத்திரை இல்லை" என்று திருப்பி அனுப்பினீர்கள். படியில் இறங்கும்போது உங்களை என்னவெல்லாமோ சொன்னேன். நீண்ட நாள் போட்டு, திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அலுவலகத் தோழனே, உனக்கு அதிகம் எழுத மாட்டேன், தலைக்கனம் ஏறிவிடும். உளவியலாளர் எனக்கு விசித்திரமான வீட்டுப்பாடம் கொடுப்பார்: சுழல் நாற்காலியில் சுற்று, ஸ்ட்ரா வழியாக மூச்சு விடு, தலைசுற்றலையும் மூச்சுமுட்டலையும் நீயாகவே வரவழைத்துப் பழகு என்று. அடுத்தது லிஃப்ட். மதியத்தில் என்னோடு ஒரு மாடி ஏறி இறங்குவாய், அடுத்த வாரம் இரண்டு மாடி. ஒன்பதாவது மாடி வரை போன அன்று கைதட்டாமல் "சரி, பசிக்குது" என்றாயே, அதற்குத்தான் நன்றி.

ஒன்பதாவது மாதம் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறோமே என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சட்டென்று கரண்ட் வெட்டி வெட்டி வந்த மாதிரி ஓர் அதிர்வு. தலைசுற்றல், எதற்கென்றே தெரியாத அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று அக்கா மடியில் படுத்துக்கொண்டேன். அக்கா திட்டினாள். டாக்டரம்மா திட்டவில்லை. திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான், சில நாளிலேயே கிளம்பும், மறுபடி போட்டால் அடங்கும். நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் மெதுவாக, வாரக்கணக்கில் தலைகாட்டும் என்று வித்தியாசம் சொல்லிக் கொடுத்தார். நிறுத்த வேண்டும் என்றால் சேர்ந்தே நிறுத்தலாம், மாதக்கணக்கில் படிப்படியாக என்றார். மருந்தால் ஆசை மட்டுப்பட்டதைப் பற்றியும் அவராகவே கேட்டுவிட்டார், நான் வாய் திறக்கத் தவிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கவிளைவு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியாக அம்மா. பட்டையைக் கண்டுபிடித்த அன்று தூக்கிப் போடச் சொன்னாய். அடுத்த முறை டாக்டரிடம் நானும் வருகிறேன் என்று கூடவே வந்து, உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக "இது என்னாலயா?" என்று கேட்டாய். குடும்பத்தில் வரலாம், ஆனால் யாரும் கொடுத்து வருவதில்லை என்றார் அவர். திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அப்படி வரும். அதான் கூட்டம்னா வெளியிலேயே நின்னுடுவேன்" என்றாய். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

மாமா, போன மாதத்திலிருந்து மறுபடியும் 5 மி.கி. இந்த முறை டாக்டரம்மா சொல்லித்தான். கத்தி வேண்டாம், மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன், பாதி எங்கும் பறப்பதில்லை. நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் மிச்சம் இருக்கிறது. இப்போது நானே எழுதுகிறேன், உங்கள் மாதிரியே வரவு இடது பக்கம். திருப்பிக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.