மூல நெகட்டிவ் எப்போதும் முழுசாக இருப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்ப் படங்களை 4கே தரத்தில் புதுப்பிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், தியேட்டர் பிரதிகள் அனைத்தும் நகல் நெகட்டிவிலிருந்தே அச்சிடப்பட்டதால் மூல நெகட்டிவ் (கேமராவில் ஓடிய, ஒளியும் இருளும் தலைகீழாகப் பதிவான பிலிம்) கைபடாமல் இருந்திருக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. கோடம்பாக்கத்தில் ஒரு பிலிம் லேப்பின் பிரிண்டிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், இங்கே பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை என்பதைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

மூல நெகட்டிவிலிருந்து மாஸ்டர் பாசிட்டிவ் (நேர்ப்படமாக எடுக்கும் இடைநகல்), அதிலிருந்து டூப் நெகட்டிவ் (கட்டுரை சொல்லும் நகல் நெகட்டிவ்), அதிலிருந்து பிரதிகள் என்பதுதான் முறை. இரண்டரை மணி நேரப் படம் 35 மி.மீ. பிலிமில் ஏறத்தாழ 13,500 அடி ஓடும். பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கான கச்சா பிலிமை (படம் பதியாத புது பிலிம்) மேலும் இருமுறை அந்த நீளத்துக்கு வாங்கத் தயாரிப்பாளர்களுக்கு மனம் வரவில்லை. டூப் எடுத்தால் கூர்மை குறையும் என்ற நியாயமான அச்சமும் இருந்தது. பழைய படங்களில் ஒரு காட்சி மறைந்து இன்னொன்று எழும் இடத்துக்குச் சற்று முன்பே படம் திடீரென மங்கிப் புள்ளி புள்ளியாவதைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். இரு காட்சிகளையும் கலக்க லேபில் நகலெடுத்த அந்தத் துண்டு மட்டும் டூப்.

ஆகவே, மூல நெகட்டிவே பிரிண்டரில் ஏறியது. மருந்துப் பக்கமும் (படம் பதியும் ரசாயனம் பூசிய பக்கம்) மருந்துப் பக்கமும் ஒட்ட, நெகட்டிவும் கச்சா பாசிட்டிவும் சேர்ந்து விளக்கைக் கடந்து ஓடும். 100 பிரதி போட்டால் அதன் 2,16,000 பிரேம்களும் 100 முறை பல்சக்கரத்தில் மாட்டி இழுபடும். ஒருமுறை, விடிந்தால் ரிலீஸ் என்ற இரவில், எங்கள் பிரிண்டரில் நெகட்டிவ் துண்டுகளை இணைத்த ஓர் ஒட்டு விட்டு 3 பிரேம்கள் கிழிந்துபோயின. தனி நெகட்டிவில் இருக்கும் ஒலி பிசகிவிடக் கூடாதே என்று அதே நீளத்துக்கு வெற்று பிலிமை ஒட்டி ஓட்டினோம். அதன்பின் போட்ட பிரதிகளிலெல்லாம் அந்த இடத்தில் கண் சிமிட்டும் நேரம் திரை இருண்டது. படப்பெட்டி ஊர் போய்ச் சேர்ந்ததே பெரிது என்று அன்று நினைத்தோம்.

படத்தில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால், பெரும்பாலும் அவை அச்சிடும்போது நெகட்டிவில் இருந்த தூசி; கறுப்புப் பொட்டுகள் பிரதியின் மேல் படிந்தவை. வெள்ளை மிகுந்த ரீல்கள் எத்தனை பாடு பட்டிருக்கும் என்பதை இதைக்கொண்டே ஊகிக்கலாம்.

எனவே, புதுப்பிக்கும் நிறுவனங்கள் நெகட்டிவ் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாமல், நெகட்டிவ் தேய்வதற்கு முன் எடுத்த முதல் பிரதி, தப்பித்தவறி எடுத்த மாஸ்டர் பாசிட்டிவ் ஆகியவற்றையும் விநியோகஸ்தர்களின் கிடங்குகளில் தேடி, ரீல் ரீலாக ஒப்பிட்டு, நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிலிம் லேப் ஊழியர்,
வடபழனி, சென்னை.