ஐந்து மணிக்கு வந்தவருக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். தம்பி வீடு திரும்பி இன்றோடு 41 நாள் ஆகிறது. நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேர் என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் சமைத்து அனுப்பினீர்கள். தம்பி இந்த மடலைப் படித்துவிட்டான். இரண்டு வரிகளை அடித்துவிட்டு மற்றதை அப்படியே போடச் சொன்னான். அவன் அடித்தது சரிதான். இரண்டும் நான் என்னையே மெச்சிக்கொண்ட வரிகள்.

தனித்தனியாக நன்றி சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன், அது காலத்துக்கும் குறையாக நிற்கும். அதனால் சேர்த்தே சொல்கிறேன். ரசத்தையும் பருப்புத் துவையலையும் தூக்கில் கொண்டுவந்து, அழைப்பு மணியைக்கூட அடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களுக்கு. என் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போய் வீட்டுப்பாடம் எழுத வைத்த அக்காவுக்கு. மூன்று இரவுகள் உட்கார்ந்து காப்பீட்டுப் படிவங்களை நிரப்பித் தந்த கோயம்புத்தூர் அண்ணனுக்கு. மதுரையிலிருந்து தனியாக வந்து இறங்கிய அம்மாவை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து, வழி நெடுக அவர் கேட்ட கேள்விகளுக்குப் பொய்யும் சொல்லாமல் உண்மையையும் உடைக்காமல் சமாளித்த அந்தக் கல்லூரிப் பையனுக்கு. பின்னிரவில் என் கையில் ஒரு போர்வையைத் திணித்து, "நீங்கள் படுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற செவிலிக்கு. உங்கள் எல்லாருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இனி எழுதப்போவது ஒரே ஒருவரைப் பற்றி. அவருக்குத் தமிழ் தெரியாது. தம்பி இதைப் படித்துப் பொருள் சொல்வதாக ஏற்பாடு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கிடார் பழுது பார்க்கும் பெரியவர் என்றால் இந்த ஊரில் பாடுகிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

தம்பி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மாலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினார். ஒரு கையில் கருவிப் பெட்டி, மறு கையில் தந்தியெல்லாம் கழற்றிய பழைய கிடார். தம்பி வைத்திருந்த பாக்கியை வசூலிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பணப்பையை எடுத்துக்கொண்டு போனேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் வந்து, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துக் கிடாரைக் கிடத்தினார். தம்பியிடம் கொஞ்சம் இரும்புப் பஞ்சைக் கொடுத்து, மெட்டுக் கம்பிகளைத் தேய்க்கச் சொன்னார். ஏழு மணி வரை இருவரும் தேய்த்தார்கள். பேச்சு என்று பெரிதாக இல்லை. கிளம்பும்போது, "நாளைக்கு" என்றார்.

மறுநாளும் ஐந்துக்கு வந்தார். அதற்கு அடுத்த நாளும். ஏன் இந்த நேரம் என்று ஒருநாள் கேட்டேன். "நாற்பது வருடமாக உடைந்த கிடார்கள் என்னிடம் வருகின்றன. வாசிக்கிறவர்கள் எந்த நேரத்தில் உடைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார். அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தம்பியின் கைகளுக்கு வேலை கொடுத்தார், அவ்வளவுதான். உப்புத்தாள், கோந்து, பிடிப்புக் கட்டைகள். என் மேசையில் இன்னும் கோந்துக் கறை இருக்கிறது, சுரண்டவில்லை. அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனாலும் அம்மா ஒருநாள் கிடாரின் முறுக்காணியைத் தொட்டுப் பார்த்து, "வீணைக்குப் பிருடை மாதிரி" என்றார். தம்பி மொழிபெயர்த்தான். அன்றிலிருந்து அவர் அதைப் பிருடை என்றுதான் சொல்கிறார். டபராவில் காபியை ஆற்றக் கற்றுக்கொண்டு இரண்டு முறை சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

இப்போது சுவரில் இருக்கும் படத்துக்கு வருகிறேன். தம்பியின் அறைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒல்லியான ஆள், ஒட்டிய கன்னம், மடியில் கிடார். டவுன்ஸ் வான் ஸான்ட், பாட்டு எழுதிப் பாடியவர். 1944இல் ஃபோர்ட் வொர்த்தில், டெக்ஸஸின் பெயர்பெற்ற பழைய குடும்பத்தில் பிறந்தவர். இந்த மாநிலத்தில் ஒரு கவுன்ட்டியே அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொலராடோவில் கல்லூரியில் இருக்கும்போதே குடியும் மனச்சோர்வும் பிடித்துக்கொண்டன. பெற்றோர் பயந்துபோய் அழைத்துவந்து கால்வெஸ்டனில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்சுலின் ஏற்றி மயக்கத்தில் ஆழ்த்தும் ஒரு சிகிச்சை அந்தக் காலத்தில் இருந்தது. மூன்று மாதம் அதைச் செய்தார்கள். அவருடைய பழைய நினைவுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நானும் இந்த வருடம் நிறையக் கையெழுத்துப் போட்டேன். கால்வெஸ்டன் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் வழியில் முன்பெல்லாம் இது நினைவுக்கு வராது. இனி வரும்.

பிறகு அவர் நம் ஊருக்கு வந்து காபி விடுதிகளில் பாடத் தொடங்கினார். 1973 ஜூலையில், ஹூஸ்டன் நகர மையத்தில் இருந்த ஓல்டு குவார்ட்டர் என்ற சிறிய இடத்தில் ஒற்றைக் கிடாரோடு அவர் பாடியதைப் பதிவு செய்து, 1977இல் வெளியிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் தம்பி கிடாரையே தொட்டான். காய்ச்சலில் படுத்திருந்தபோது கனவில் முழுதாக வந்த பாட்டு, மற்றவர்கள் பாடி 1983இல் அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு என்று அவன் அடுக்கிக்கொண்டே போவான். முதலிடம் பிடித்தது வில்லி நெல்சனும் மெர்ல் ஹேகார்டும் பாடிய வடிவம். எழுதியவர் அப்போதும் குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த மனிதர்மேல் நெடுநாளாகக் கோபம். முடிவு எப்படி என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் மருத்துவரிடம் போகாமல், சக்கர நாற்காலியில் மெம்ஃபிஸுக்குப் பாட்டுப் பதிவு செய்யப் போனவர். கடைசியில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பி, 1997ஆம் ஆண்டின் முதல் நாளில் இறந்தார். வயது 52. அவர் போற்றிய கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1953இல் இறந்ததும் அதே ஜனவரி முதல் தேதி. ரசிகர்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் வரும், கவனித்திருக்கிறீர்களா? ஏதோ நாள் பார்த்துச் செய்த சடங்கு போல. தம்பியின் குரலிலும் அது இருந்தது. பாட்டு வேண்டுமானால் இந்த விலை கொடுக்க வேண்டும் என்று அவன் நம்பினான். நம்மிடமும் இந்தப் பேச்சு இல்லாமல் இல்லை. ஒரு கவிஞர் நன்றாக எழுதினால், பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, குடியைப் பற்றிப் பத்து வார்த்தை.

அம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. 1970களின் நடுவில் ஆஸ்டினில் படம்பிடித்த ஓர் ஆவணப்படத்தை ஒருநாள் தம்பி போட்டுக் காட்டினான். வான் ஸான்ட் ஒரு சமையலறையில் உட்கார்ந்து பாடுகிறார். பக்கத்து வீட்டுக் கறுப்பினக் கொல்லர், வயதானவர், கேட்டுக்கொண்டே இருந்து கண்ணீர் விடுகிறார். "அந்தப் பெரியவருக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார் அம்மா. பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் சுவர்ப் படத்தின் மேல் எங்கள் தொட்டிச் செடியில் பூத்த மல்லிகை. இறந்தவர் படம் என்றால் பூ வைக்க வேண்டுமல்லவா.

இருபத்து மூன்றாம் நாள் மாலை பெரியவர் அந்தப் பூவைப் பார்த்தார். அன்று கிடாரை மேசையில் வைக்கவில்லை. உட்கார்ந்தவுடன் விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார். 1968க்கும் 1972க்கும் இடையில் வான் ஸான்டின் இசைத்தட்டுகள் ஆறு. அதற்குப் பிறகு உயிரோடு இருந்த இருபத்துச் சொச்சம் வருடங்களில் ஸ்டூடியோவில் செய்த புதியவை ஒரு கை விரல்களுக்குள் அடக்கம். "குடிதான் பாட்டைத் தந்தது என்றால், பிற்பாடு எவ்வளவோ குடித்தாரே, பாட்டு எங்கே?" என்று தம்பியைக் கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை.

பிறகு தன் கதையைச் சொன்னார். வான் ஸான்டின் கடைசிக் காலத்தில் இங்கே ஒரு மதுக்கடையில் அவர் பாடுவதைக் கேட்கப் போயிருக்கிறார். பாட்டுகள் பாதியில் நின்றன. வரிகள் மறந்தன. கூட்டம் சிரித்தது, கைதட்டியது. பெரியவரும் சிரித்தார். எழுந்து போய் அவருக்கென்று ஒரு கோப்பை வோட்காவுக்குப் பணம் கட்டி மேடைக்கு அனுப்பச் சொன்னார். அதை அவர் குடித்தாரா என்றுகூட இவர் பார்க்கவில்லை. டவுன்ஸுக்கு நான் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தேன் என்று பல வருடம் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறார்.

தம்பி வெகுநேரம் கழித்து ஒன்றுதான் கேட்டான். "அன்றைக்கு என்ன பாட்டுகள் பாடினார்?"

"ஒன்றுகூட நினைவில்லை. கொடுத்த பணம் எவ்வளவு என்று நினைவிருக்கிறது."

ஏழு மணி ஆனது. "நாளைக்கு" என்று எழுந்து போனார்.

அந்தப் பேச்சு தம்பிக்காகச் சொன்னது என்றுதான் நினைத்தேன். இரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் குரலே எனக்குக் கேட்டது. போன பொங்கல் விழாவில், மேடைக்குப் பின்னால், சிரித்துக்கொண்டே நான் சொன்னது: "கொஞ்சம் உள்ளே போனால்தான் இவன் பிரமாதமாகப் பாடுவான்." அதைக் கேட்டு யார் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று இப்போது தேடுவது அநியாயம். சொன்னவள் நான். அன்று அவன் பிரமாதமாகத்தான் பாடினான், நானும் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதேன். என்ன பாட்டு என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

பெரியவரே, அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் எங்களுக்குப் புத்தி சொன்னார்கள். நீங்கள் உங்கள் வெட்கத்தைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தீர்கள். எழுபது வயதுக்கு மேல் அதைச் செய்ய உங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. என் தம்பியோ நானோ உங்களுக்கு யாரும் இல்லை. அன்றைக்குப் பணப்பையோடு வந்து நின்றதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வராது. வேடிக்கைக்குக்கூட வராது. அம்மா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யப் போனேன், "இருக்கிற தலைவலி போதும்" என்று தட்டிவிட்டார். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தம்பி மறுபடி எப்போது பாடுவான் என்று விசாரிக்கிறீர்கள். அவன் முடிவு செய்யட்டும். பாடினால் வந்து கேளுங்கள், சுமாராக இருந்தால் சுமார் என்றே சொல்லுங்கள். பாடி முடித்ததும் அவன் கையில் யாரும் எதையும் கொடுக்க வேண்டாம், தண்ணீர் தவிர. சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றச் சொல்லியும் சிலர் ஆலோசனை சொன்னீர்கள். அது இருக்கட்டும். பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான். பூவை அம்மா தினமும் மாற்றுகிறார்.

கடைசியாக, எவர்சில்வர் தூக்குகள் 11 எங்கள் வீட்டில் சேர்ந்திருக்கின்றன. நான்கில் மூடியில் பெயர் வெட்டியிருப்பதால் நானே கொண்டுவந்து தருகிறேன். மற்ற ஏழும் யாருடையவை என்று தெரியவில்லை. அதில் ஒன்றின் பிடி ஆடிக்கொண்டிருந்ததைப் பெரியவர் சரிசெய்து வைத்திருக்கிறார். உங்களுடையது என்றால் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காபி இருக்கும். மேசையில் இடம் மட்டும் கொஞ்சம் குறைவு.

அன்புடன்,
அவனுடைய அக்கா