மறுஆக்கத்துக்கு முன் மூலப் படம்

ஆசிரியருக்கு,

பழைய வெற்றிப் படங்களை மறுஆக்கம் செய்வது குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். மறுஆக்கம் தவறன்று; 1980-இல் வந்த 'பில்லா'வே இந்தி 'டான்' படத்தின் தழுவல்தான். 2007-இல் அது மீண்டும் புது உருவம் பெற்றது. என் கவலையெல்லாம் மூலப் படங்களைப் பற்றியது. குளிரூட்டிப் பாதுகாக்காத ஃபிலிம் சுருள் நிறம் மங்கி, புளித்த வாடை வீசிச் சிதைந்துபோகும்.

1964-இல் வெளியான 'கர்ணன்' 2012-இல் டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டு வந்தபோது என் மகனை அழைத்துச் சென்றேன். சிவாஜியின் பெயரை மட்டுமே அறிந்திருந்த அவன் இடைவேளையில்கூட எழவில்லை. மறுஆக்க உரிமையை விற்கும்போதே, மூலப் படத்தின் நெகட்டிவை மீட்டெடுத்து முதலில் திரையிட வேண்டும் என்ற நிபந்தனையைத் தயாரிப்பாளர்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.

– வாசகர், திருச்சி